அடுப்படிச் செருப்பு

புதன், இரவு

என் மனைவி கமலாவுக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடச் சொன்னார் டாக்டரம்மா. போடுகிறாள். அடுப்படி வாசலில் கழற்றிவிட்டு, காலை முழுக்க வெறுங்காலோடு கல்தரையில் நிற்கிறாள்.

"அங்கதானே ரொம்ப நேரம் நிக்கிற? போட்டுக்கோயேன்."

"சாமி படம் இருக்கிற இடத்துல செருப்பா? நக்கோ, வேணவே வேணாம்!"

இன்று மல்காஜ்கிரி கடைத்தெருவில் புது ஜோடி வாங்கி வந்தேன். தெரு மண் படாதது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாரில் மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

"இனிமே இது அடுப்படிச் சாமான்," என்று மாட்டிக்கொண்டாள்.

ஆனால் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில்தான் அவளுக்கு உயிர் போகிறது. பழைய செருப்பும் தேய்ந்துவிட்டது. அவள் தூங்கியதும் புதியதை எடுத்து வந்து கட்டிலடியில் வைத்துவிட்டேன். அடுப்படிச் சாமானை இங்கே கொண்டுவந்ததற்குத் திட்டுவாள்.

திட்டட்டும். நொண்டாமல் வந்து திட்டட்டும்.