புளிக்குழம்பு கணக்கில் சேர்ந்த நாள்

இன்று காலை நம் வீட்டு அடுப்படியிலிருந்து புளிக்குழம்பு வாசம் வந்தது. வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்த வாசம். வைத்தது நான் இல்லை. என் முழங்கால் இனி அடுப்படியில் நிற்காது என்று மகள் முடிவு செய்து, அடி அண்ணாமலையிலிருந்து செல்வி என்ற பெண்ணை மாதச் சம்பளத்துக்குச் சமையலுக்கு வைத்திருக்கிறாள். நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்த்தேன். கோபம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் வைத்த குழம்பு எதுவும் சேராத உங்கள் கணக்கில், நான் அடுப்படியை விட்டு வெளியே வந்த அன்றைக்குப் புளிக்குழம்பு சேர்ந்துவிட்டது.

உங்களுக்குப் புள்ளிவிவரத் துறையில் வேலை. ஊர் ஊராகப் போய், எந்த வீட்டில் என்ன விளைந்தது, யார் என்ன விற்றார்கள், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவீர்கள். அதெல்லாம் மேலே போய்த்தான் நாட்டின் மொத்த உற்பத்தி ஆகிறது என்று, நமக்குக் கல்யாணமான புதிதில், எழுபதுகளின் நடுவில், பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நாம் மலை சுற்றப் போன அந்தப் பௌர்ணமி வரைக்கும்.

அன்றைக்கு வழி நெடுக, எது அந்தக் கணக்கில் சேரும், எது சேராது என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். வாங்கிய சூடம் சேரும். சாமியார் கையில் போட்ட காசு சேராது. அது கை மாறியதோடு சரி, புதிதாக எதுவும் உண்டாகவில்லை. உங்கள் தம்பி வாங்கிய பழைய சைக்கிள் சேராது, அது செய்த வருடத்திலேயே சேர்ந்துவிட்டது. அதை முடித்துக் கொடுத்த தரகருக்குக் கொடுத்தது மட்டும் சேரும். விற்காமல் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்ட நெல்கூடச் சேரும் என்றீர்கள். கேட்கக் கேட்க எனக்கு ஆசையாகிவிட்டது.

"வேங்கிக்கால்ல நம்ம வீடு? சொந்த வீடாச்சே, யாருக்கும் வாடகை தரலையே."

"அதுவும் சேரும். நமக்கு நாமே வாடகை கொடுத்துக்கிற மாதிரி ஒரு தொகை போட்டுக்குவாங்க."

"அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சமைச்சுப் போடறேனே, அது?"

"அது சேராது."

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னீர்கள். வீடு நின்ற இடத்தில் நின்றுகொண்டு சம்பாதிக்கிறது. அதற்குள் நிற்க நேரமில்லாமல் ஓடுகிறவள் எதுவும் செய்யவில்லை. மீதி வழி முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. அதையும் நீங்கள் கவனிக்கவில்லை.

என் அம்மா வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் நீங்கள் விசாரித்ததை நேரிலேயே பார்த்தேன். "சம்சாரம் என்ன பண்றாங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டீர்கள். "அது சும்மாதான் கீது சார்" என்றார். இடுப்பில் குழந்தையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் ஆமாம் என்று தலையாட்டினாள். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அவளே எதிர் வீட்டுக்குப் போய்க் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்தால் வேலை செய்கிறவள் ஆகிவிடுவாளாம். எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ செய்வது வேலை என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு சண்டை.

அதற்காகத்தான் பாத்திமா அக்காவையும் கூட்டுச் சேர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர், தகரப் பெட்டிக் கடைக்காரரின் மனைவி. நான் அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது, அவர் நம் வீட்டில் தேய்ப்பது, சம்பளம் இரண்டு பக்கமும் ஒரே தொகை. முதல் நாள் சாயங்காலம் நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"என்னக்கா இது?"

"வேலைக்கு வந்திருக்கேன் தம்பி. மாசச் சம்பளம். உங்க வீட்டம்மா எங்க வீட்ல கீறாங்க, போய்ப் பாருங்க."

நீங்கள் சிரித்த சிரிப்பு மதில் தாண்டிக் கேட்டது. நான் சிரிக்கவில்லை. கையில் சாம்பலோடு வந்து கேட்டேன்.

"இப்ப சேருமா?"

"சேரும். ரெண்டு பேர் வேலையும் சேரும்."

"நேத்து அவங்கவங்க வீட்ல தேய்ச்சது?"

"அது சேராது."

அதே பாத்திரம், அதே புளி, அதே சாம்பல்! என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாக விளக்க ஆரம்பித்தீர்கள். "வீட்ல செய்யற எல்லாத்துக்கும் விலை போட்டா, நாட்டுல வேலையில்லாதவங்கனு யாருமே இருக்க மாட்டாங்க. அப்புறம் அந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் கேட்டது நாட்டை இல்லை, உங்களை. உங்களுக்கு அந்த வித்தியாசம் கடைசி வரை பிடிபடவில்லை. மாதக் கடைசியில் நானும் அக்காவும் சம்பளத்தை மாற்றிக்கொண்டு அவரவர் பாத்திரத்துக்குத் திரும்பிவிட்டோம்.

எண்பதுகளின் கடைசியில் பக்கவாதம் வந்து படுத்தீர்கள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. எனக்கு ஜுரம் வந்த நாட்களில் ஓர் ஆயாவை வைத்தோம். அவள் உங்களைத் துடைத்தது சேர்ந்திருக்கும். மற்ற நாட்களில் நான் துடைத்தேன். ஒரு நாள் உங்களைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைக்கும்போது, குழறிக் குழறி ஏதோ சொன்னீர்கள். "உனக்கு வேலை ஜாஸ்தி" என்று என் காதில் விழுந்தது.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று உலுக்காத குறையாகக் கேட்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூக்கமா, மானமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் போய்விட்டீர்கள். இவ்வளவு வருடம் காத்திருந்தவளுக்கு இன்னொரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

செல்வி சமையலை முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"வீட்டுக்குப் போய் என்னம்மா பண்ணுவே?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. பசங்களுக்குச் சோறாக்கணும், துணி தொவைக்கணும், மாமியாருக்குக் கால்ல புண்ணு, கட்டு மாத்தணும். மத்தபடி சும்மாதான் இருப்பேன்."

"சும்மானு சொல்லாதே!" என்று கத்திவிட்டேன்.

பாவம், குழம்பில் உப்பு ஜாஸ்தியாகிவிட்டதோ என்று பயந்துபோய் நின்றாள். அவளை உட்காரவைத்து, அவள் வைத்த குழம்பை ஊற்றி அவளுக்கே சோறு போட்டேன். முழங்கால் விண்ணென்று வலித்தது. நான் பரிமாறியது சேராது என்று எனக்குத் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

ஆனாலும் திரும்பி உங்கள் படத்தைப் பார்த்து, "இது?" என்று கேட்டேன். நம் சண்டையை நான் இன்னும் விடவில்லை. சேராது என்று சொல்லவாவது நீங்கள் இருந்திருக்கலாம்.