சார்ஜரின் அடிவயிற்றில் ஒரு மஞ்சள் கோடு

ஜனவரி 14, ஞாயிறு

கராஜில் ஹீட்டர் ஓடியும் விரல் விறைக்கிறது. இன்று முழுக்கக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, அரை நூற்றாண்டுத் தார்ப்பூச்சைச் சுரண்டினோம். வெஸ் இடப்பக்கம், நான் வலப்பக்கம். கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் நாங்கள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் இப்படித்தான் - ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரு பழைய டாட்ஜ் சார்ஜர் காரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு.

பின் அச்சுக்குப் பக்கத்தில் தார் பாளமாகப் பெயர்ந்து என் கன்னத்தில் விழுந்தது. அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கோடு. சரி என்று போடுவோமே, அந்தக் குறி. மெழுகுப் பென்சிலால் போட்டது.

"சுரண்டாதே! கோரி, கையை எடு, கையை எடு!"

ஏதோ குண்டைத் தொட்டுவிட்டேன் என்பது போலக் கத்தினான். பிறகு கைபேசியை எடுத்து வந்து எல்லாப் பக்கமிருந்தும் படம் பிடித்தான். 1968-இல் தொழிற்சாலையில் தலைக்கு மேலே நகர்ந்துபோன இந்தக் காரை யாரோ பார்த்து, ஒரு போல்ட்டை முறுக்கிப் பார்த்து, திருப்தியாகி, கையைத் தூக்கி ஒரு கோடு இழுத்திருக்கிறார். பழைய கார்களைச் சீராக்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: பெயிண்ட் அடித்து முடித்ததும் அந்தக் கோட்டை அதே இடத்தில், அதே சாய்வில் திரும்பப் போட்டுவிட வேண்டும். யார் கண்ணிலும் படாது. படாது என்பதால்தான் செய்கிறார்களோ என்னவோ.

ஆகஸ்ட்டில் உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம். அதற்குள் முடிக்க வேண்டும். இதை எனக்கு நானே தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன்: உட்வர்டுக்கு ஓட்டிப் போய்த் திரும்பியதும் குழந்தையைப் பற்றி முடிவு செய்வோம் என்று போன வருடம் வெஸ் சொன்னான். நான் தலையாட்டினேன். எனக்கு வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. "கார் ஓடட்டும் கோரி." இதுவரை கிடைத்த பதில் இவ்வளவுதான்.

ஜனவரி 27, சனி

எஞ்சின் கராஜ் மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன் என்கிற விருந்தாளி மாதிரி.

பிப்ரவரி 10, சனி

இன்று தரையை வெட்டினோம். இந்த மாநிலத்தில் குளிர்காலம் முழுக்கப் பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பு, முந்தைய சொந்தக்காரர்கள் காலத்திலேயே எல்லாவற்றையும் தின்றிருந்தது. தரைத் தகட்டின் மேல் நான் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் மறுபக்கம் போய்விட்டது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டிகளும் அப்படியே, காய்ந்த ரொட்டி போல.

வெட்டுவதற்கு முன் கேட்டேன்: "கதவு வாசல்ல குறுக்கே கம்பி வெச்சு ஒட்ட வேணாமா? புத்தகத்துல போட்டிருக்கே."

"அது கூரை இல்லாத காருக்கு. இதுக்குத்தான் இவ்ளோ பெரிய கூரை இருக்கே. தாங்கும்."

வேலைக்குப் போகிற இடத்தில் மாவட்டத்தின் சாலைகளை எல்லாம் அங்குல சுத்தமாக அளக்கிறவன். நான் மேலே கேட்கவில்லை. தீப்பொறி ஆரஞ்சு நிறத்தில் பறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

தவக்கால நோன்புக்கு முந்தைய செவ்வாய். எங்கள் பே சிட்டியில் பாதிப் பேர் விடியற்காலையிலிருந்து போலந்து பேக்கரி வாசலில். வெஸ்ஸின் அக்கா டார்லா ஜாம் அடைத்துப் பொரித்த பொன்ச்கி பன் ஒரு பெட்டியோடும், இரண்டு வயது மகள் மேவோடும் வந்து சேர்ந்தாள்.

"ரோஜா ஜாம் வெச்சது எனக்கு. ப்ளம் வெச்சது உங்களுக்கு. வரிசையில நின்னவ நான், அதனால பேச்சு கிடையாது." அப்புறம் காரை எட்டிப் பார்த்தாள். "டேய், தரை எங்கடா? காலைக் கீழ விட்டு ஓடிக்கிட்டே ஓட்டப் போறீங்களா?"

வெஸ் மஞ்சள் கோட்டின் படத்தைக் காட்டினான்.

"இதை மறுபடி வரையப் போறியா? அடியில போய் யாரு பாக்கப் போறா, கடவுளா?"

"பாத்தா பாக்கட்டுமே."

"சமையலறை அலமாரிக்கு நாலு வருஷமா கதவு இல்ல. அதை அவர் தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

அவன் சிரித்தான். நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. கதவுகளை அவனே செய்தான். அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டு, நிலவறையில் சாய்த்து வைத்திருக்கிறான். மாட்டவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது டார்லாவின் காரில் மேவின் குழந்தை இருக்கையை நான் பொருத்தினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டை, அதன் நுனியில் கொக்கி. அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் திணறினேன். "அதான் முக்கியம் கோரி, பின்னாடி கொண்டியில மாட்டு. இல்லேன்னா பிரேக் போட்டா இவ மொத்தமா முன்னாடி வந்துருவா" என்றாள் டார்லா. வெஸ் என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, அந்தக் கொண்டி எதில் முறுக்கியிருக்கிறது என்று பார்த்தான். குழந்தையைப் பார்க்கவில்லை. கொண்டியைப் பார்த்தான்.

இதையெல்லாம் நான் ஏன் எழுதி வைக்கிறேன்?

மார்ச் 2, சனி

வெல்டிங். அவன் ஒட்டுவது தையல் போல ஒரே சீராக ஓடுகிறது. நான் ஒட்டுவது சோளப்பொரி. "உன் பொரியை இழைச்சு விட்டா போச்சு, பிடிப்பு நல்லாத்தான் இருக்கு" என்றான். நான் கேட்ட காதல் வசனங்களில் இதை நல்ல இடத்தில் வைப்பேன்.

மார்ச் 16, சனி

தரை முடிந்தது. பட்டிகள் முடிந்தன. மாலையில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஓட்டுநர் கதவைத் தூக்கி மாட்டினோம்.

மூடவில்லை.

மேலே பின் மூலை காரின் உடம்பில் போய் இடிக்கிறது. கீழே என் விரல் தாராளமாக நுழைகிறது. மறுபக்கக் கதவும் அதே கதை. வெஸ் அளவு நாடாவை எடுத்து வாசலை மூலைக்கு மூலை அளந்தான். மறுபடி அளந்தான். தரை இல்லாமல் நின்ற வாரங்களில் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. தொய்ந்தபடியே நாங்கள் புதுத் தகட்டை ஒட்டிவிட்டோம். கோணல் இப்போது நிரந்தரம் - எங்கள் கையாலேயே.

"எல்லாத்தையும் வெட்டி எடுக்கணும்" என்றான். "முதல்லேருந்து."

சொல்லிவிட்டு மூச்சு விட்டான். எனக்கு அந்த மூச்சு தெரியும். பல் டாக்டர் இன்று வரவில்லை என்று சொன்னால் விடுகிற மூச்சு. தோள் இறங்கியது. கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. நிம்மதி.

உள்ளே வந்து கை கழுவினேன். வெகுநேரம் கழுவினேன்.

மார்ச் 17, ஞாயிறு

கேட்டுவிட்டேன். காலை முட்டை ஆறிக்கொண்டிருந்தபோது.

"நேத்து கதவு மூடலைன்னதும் உனக்கு சந்தோஷமா இருந்துச்சு, இல்ல?"

"பைத்தியமா உனக்கு? ஒரு மாச வேலை போச்சு."

"உன் மூஞ்சியைப் பாத்தேன் வெஸ்."

அவன் முட்கரண்டியைக் கீழே வைத்தான். பேச மாட்டான் என்று நினைத்தேன். பேசினான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"முடிக்காத வரைக்கும் எதுவும் கெட்டுப்போகலை, கோரி. முடிச்சுட்டாதான் எங்க கோணல்னு தெரியும்."

"கோணலா இருந்தா என்ன? வெட்டி மறுபடி ஒட்டப் போறோம்."

"கார்னா ஒட்டலாம். அது அப்படி இல்லையே."

'அது' என்றால் எது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேட்டிருக்கணும். பயமா இருந்துச்சு. அவன் வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? எழுதும்போதுகூட அந்த வாக்கியத்தை முடிக்க வரமாட்டேன் என்கிறது. அப்படியானால் நானும் முடிக்காமல் வைத்திருக்கிறவள்தானோ?

மார்ச் 18, திங்கள்

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. பொறாமையாக இருந்தது.

ஏப்ரல் 6, சனி

இம்முறை வாசலில் குறுக்குக் கம்பிகளை நானே ஒட்டினேன், பெருக்கல் குறி மாதிரி. காரைத் தாங்கிகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, எங்கள் புதுத் தகடுகளை எங்கள் கையாலேயே வெட்டி எடுத்தோம். என் பொரிகளைக் கழற்றத்தான் அதிக நேரமாயிற்று.

"சொன்னேன்ல, பிடிப்பு நல்லாருக்குன்னு" என்றான் வெஸ்.

கோபமாக இருக்க முயன்றேன். முடியவில்லை.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். அம்மாவோடு போனில் பேசினேன். மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15, சனி

மூடியது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? இடி இல்லை, கிறீச் இல்லை. கனமாக ஒரு 'டொப்'. வெஸ் திறந்தான், மூடினான். என்னை மூடச் சொன்னான். மறுபக்கக் கதவை நான் மூடும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கும்வரை மூடி மூடித் திறந்தோம்.

பிறகு தரையில் உட்கார்ந்து பீர் குடித்தோம்.

"ஆகஸ்ட்டுக்குள்ள முடியாது" என்றான். "எஞ்சின் ஏத்தணும், வயரிங் இருக்கு. இந்த வருஷம் உட்வர்ட் இல்ல."

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். உட்வர்ட் இல்லையென்றால் எது எதெல்லாம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் பாட்டிலின் காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தான்.

ஜூலை 11, வியாழன்

நான் வேலையிலிருந்து வந்தபோது அவன் தனியாக வெல்டிங் செய்துகொண்டிருந்தான். அவன் தனியாகச் செய்வதில்லை. என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. பின்னாடி ஒரு ஓட்டை. அடைச்சேன்."

முகமூடியை ஏற்றவில்லை. குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது.

ஜூலை 28, ஞாயிறு

எங்களுக்குள் சண்டை இல்லை. மரியாதையாக இருக்கிறோம். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. வாரம் முழுக்க அவன் ஒருவனே அடிப்பகுதிக்குப் பெயிண்ட் அடித்தான். "ரெண்டு பேரும் இந்த நாத்தத்தை மோந்து என்ன ஆகப் போகுது?" அவன் சொன்ன காரணம் இது. காருக்காக இனியும் காத்திருக்க முடியாது என்று அவன் அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்து, டார்லாவின் எண்ணை எடுத்து, போனைத் திரும்ப வைத்தேன். சொல்ல வேண்டியது அவளிடம் இல்லை. அவனிடம். நாளைக்கு. அல்லது இந்த வாரத்துக்குள்.

ஆகஸ்ட் 3, சனி

நான் சொல்லவில்லை. அதற்குள் இது நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பெயிண்ட் காய்ந்துவிட்டது. மஞ்சள் கோட்டைத் திரும்பப் போட வேண்டிய நாள். இந்த நாளுக்காக வெஸ் ஜனவரியிலிருந்து காத்திருந்தான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மெழுகுப் பென்சிலை என்னிடம் நீட்டினான்.

"நீ போடு. எனக்குக் கை நடுங்கும்."

"உனக்கா?"

"நான் போய் சாண்ட்விச் வாங்கிட்டு வரேன்." பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மணி பத்துகூட ஆகவில்லை. பத்து மணிக்கு யாருக்கு சாண்ட்விச்?

படத்தை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். அதே இடம், அதே சாய்வு. ஒரே இழுப்பில் போட்டேன், நன்றாக வந்தது. வெளியே வர உடம்பைத் தள்ளும்போது பார்த்தேன்.

பின் சீட்டுக்குப் பின்னால் வரும் தரையில், அடிப்பக்கம், உள்ளங்கை அகலத்தில் இரண்டு சதுரத் தகடுகள். பழைய படங்கள் எதிலும் இல்லாதவை. ஓரம் முழுக்கத் தையல் போன்ற வெல்டிங். ஒவ்வொன்றின் நடுவிலும் தடித்த ஒரு நட்டு.

எழுந்து போய்க் காருக்குள் தலையை விட்டேன். கம்பளம் இன்னும் போடவில்லை. தகடுகளுக்கு நேர் மேலே இரண்டு போல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இரும்புக் கொண்டி. விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். கார் லேசாக ஆடியது, கொண்டி ஆடவில்லை.

மேவின் இருக்கை. பின்னால் மாட்டும் பட்டை.

கதவில் ஒரு திருகின் தலை அந்த வருடத்து மாதிரி இல்லை என்று இரண்டு மாதம் ஊர் ஊராகத் தேடிய மனிதன். அந்தக் கைதான் அசலில் இல்லாத இரண்டு ஓட்டைகளைப் போட்டிருக்கிறது. நாங்கள் வெட்டி ஒட்டி நேராக்கிய தரையில்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா? கொஞ்சம். அப்புறம் சிரிப்பு வந்தது. ரெண்டாடா? ஒண்ணுக்கே பதில் சொல்லாதவன், ரெண்டு போட்டு வெச்சிருக்கான்!

மறுபடி அடியில் போனேன். முதல் தகட்டில் மஞ்சள் கோடு, தொழிற்சாலை ஆள் போட்டது போலவே, சாய்வாக, சரி என்று. இரண்டாவதில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அவன் வந்தான். சாண்ட்விச்சை மேசைமேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல், "கோடு சரியா வந்துச்சா?" என்றான்.

"நீயே பாரேன்."

காலை நீட்டி உள்ளே போனான். நான் அவன் ஷூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை அசையவில்லை. கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தது ஆறுகிற அளவுக்கு அசையவில்லை. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது, மூக்கடைத்த குரல்.

"கோரி."

"ம்."

"ரெண்டாவதை ஏன் பாஸ் பண்ணலை?"

"முதல்ல ஒண்ணு ஓடட்டும்."

இடது ஷூ ஆடத் தொடங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்தது. நான் அவன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

உட்வர்டிலிருந்து டார்லா படங்கள் அனுப்புகிறாள். மேவ் ஒரு சிவப்புக் காரின் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் எஞ்சின் இன்னும் போர்வைக்குள்தான்.

நாங்கள் சமையலறை அலமாரிகளுக்குக் கதவு மாட்டினோம். எல்லாம் மூடுகின்றன. ஒன்று மட்டும் மேல் மூலையில் லேசாக உராய்கிறது. வெஸ் அதைத் திறந்து மூடிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.