அவளுக்காகப் பேசி வைத்தது

என் வாயாடிக் குட்டிக்கு,

நீ கண்ணை மூடியதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. நேற்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. ஈரக் கையோடு ஓடினேன்.

உன்னோடு இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தாளே பக்கத்து வீட்டுப் பெண், அவள் போனில் நீ பேசிக்கொண்டிருந்தாய். உச்சரிப்புப் பழக நீதான் வாசித்துப் பதிந்து கொடுத்தாயாம். ஒரு வரி சொல்கிறாய், அவள் திருப்பிச் சொல்லும்வரை பொறுமையாக இருக்கிறாய், பிறகு அடுத்த வரி. என்னிடம் எப்போதடி அவ்வளவு பொறுமையாக இருந்தாய்?

"தினமும் இவகூடதான் அத்தை படிக்கிறேன்" என்றாள்.

"பெத்தவ நான் நாதியத்துக் கிடக்கேன், உனக்கு மட்டும் தினமும் வர்றாளா?" என்று கத்திவிட்டேன். பாவம், அழுதுகொண்டே நீ பதிந்தது எல்லாவற்றையும் என் போனுக்கு அனுப்பினாள்.

இன்று கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். உன் இங்கிலீஷ் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ நிறுத்திய இடத்தில், "சாப்பிட்டியாடி?" என்றேன். நீ பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டாய்.

அவளுக்காக இவ்வளவு பேசி வைத்தாயே, எனக்காக ஒரே ஒரு தடவை "அம்மா" என்று சொல்லி வைக்க உனக்கு ஏனடி தோன்றவில்லை?

உன்னைப் பெற்றவள்