அந்தப் பத்து நொடி

அக்காவுக்கு,

கிழித்துப் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நீ போனில், "அம்மா உன்னையே கேக்குறாங்கடா, இன்னைக்கே கெளம்பி வா" என்றாய். "ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்குக்கா, ரெண்டு நாள் பொறு" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

நட்சத்திரம் வெடித்தது பொய்யில்லை. அண்டம் முழுக்க நிறைந்திருந்தும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்பது நாங்கள் பதினாறு வருடமாகத் தேடும் மிக லேசான துகள்தான் என்றால், நட்சத்திரம் உள்ளுக்குள் இடிந்து விழும் முதல் பத்து நொடியில் அது வெளியே பாயும், வழியில் காமா கதிராக மாறும். அதை எங்கள் செயற்கைக்கோள் பிடிக்க வேண்டும். என் ஆயுளில் இன்னொரு முறை இப்படி வாய்க்காது.

வெள்ளிக்கிழமை நான் வந்தபோது அம்மாவின் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தாய். "உன் நட்சத்திரம் கெடைச்சுதா?" என்று மட்டும் கேட்டாய்.

கிடைக்கவில்லை, அக்கா. அந்தப் பத்து நொடியும் செயற்கைக்கோள் பூமிக்கு மறுபக்கம் இருந்தது.

அது எனக்கு எப்போது தெரியவந்தது என்று நீ கேட்கவில்லை. உன் போன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெரியும். கூட வேலை செய்கிறவர்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மூன்று நாள் ஒன்றுமில்லாத திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் கடைசி மூச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இன்னொரு முறை பார்க்கத் தைரியம் வரவில்லை. அதை உன் தலையில் கட்டிவிட்டேன்.

அம்மா என்னைக் கேட்டபோதெல்லாம் என்ன சொல்லிச் சமாளித்தாய்? அதை மட்டும் எழுது.

உன் தம்பி