எள் விளக்கும் இன்சூரன்ஸ் தாளும்

திருநள்ளாறு,
புரட்டாசி 24, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராஜ்மோகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், முன்னறை மட்டும்தான் சுகமில்லை. லியோனில் நீயும் வினோதாவும் குழந்தை இனியாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்த யோசனைக்குப் போய்விடுகிறாய், எனக்கும் நடுவில் மறந்துவிடுகிறது, அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கடைசிப் பக்கம் வரை படி.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீ பாதி தகவலை வைத்துக்கொண்டுதான் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறாய். போன சனிக்கிழமைக்கு முதல்நாள் சாயங்காலம் சேலம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, நாம் வழக்கமாக வாடகைக்கு விடும் முன்னறையில் தங்கியது. புரட்டாசிச் சனி, லாட்ஜ் எதிலும் இடமில்லை. விடியற்காலை குளத்துக்குக் கிளம்பும் முன் அந்த அம்மாள், கோயிலில் கூட்டத்தில் விளக்கு ஏற்ற முடியாமல் போய்விடுமோ என்று, ஜன்னல் ஓரத்திலேயே எள் முடிச்சு வைத்து நல்லெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். திரைச்சீலை பிடித்து, மெத்தை பிடித்து, மேலே பலகைக் கூரை வரை ஏறிவிட்டது. எதிர்வீட்டு அலாவுதீன் பார்த்துக் குடத்தோடு ஓடி வந்ததால் வீட்டின் மற்றப் பகுதி தப்பியது. யாருக்கும் காயமில்லை. ஓடுகள் பாதி இறங்கிவிட்டன, இப்போது தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு அது தாங்காது.

போன வருஷம் நீ இந்த இன்சூரன்ஸ் எடுத்தபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்த நாட்டில் வாடகை வீட்டுக்கே இன்சூரன்ஸ் தாள் காட்டாமல் சாவி தர மாட்டார்கள், நீங்கள் சொந்த வீட்டை இப்படிப் போட்டுவைத்திருக்கிறீர்களே என்று கடிந்துகொண்டாய். சரி என்றேன். இப்போது அந்தப் பத்திரத்தை முதல் முறையாக முழுதும் படித்தேன், மூன்று தடவை, பென்சிலோடு. பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருஷம் வரைவாளராக இருந்து டெண்டர் தாள் படித்தவன் நான், எனக்கே தலை சுற்றியது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்றால் வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கட்டடம் வேறு, உள்ளே இருக்கும் பொருட்கள் வேறு. நீ எடுத்தது கட்டடத்துக்கு மட்டும். கட்டில் மெத்தை போனது போனதுதான். தொகையும் வீடு விற்றால் வரும் விலை இல்லை, திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும், மனையின் மதிப்பு அதில் சேராது. கூரையில் மாட்டியிருந்த மின்விசிறி கட்டடமா பொருளா என்று அரைமணி நேரம் புரட்டினேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, அதான் கீழ விழுந்துடுச்சில்லங்க, அப்பறம் என்ன கட்டடம், பொருளுதான், எழுந்து வந்து சாப்புடுங்க என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிளெய்ம் படிவத்தில், தங்க வந்தவர்கள் பேச்சே வேண்டாம், விளக்கை அம்மா பூஜைக்கு ஏற்றினாள் என்று எழுதச் சொன்னாய். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். புதன்கிழமை, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார், சோமசேகரன் என்று பெயர், மரியாதையான மனிதர். விளக்கு ஏத்துனது யாருங்க சார் என்று கேட்டார். நீ சொல்லிக்கொடுத்தபடி இவள்தான் என்றேன். அம்மா அதோடு விடாமல், ஆமாங்க, வெள்ளிக்கிழமைல்ல, வெள்ளிக்கிழமைன்னா ஏத்தாம இருக்க மாட்டேன் என்று சேர்த்துக்கொண்டாள். தீப்பிடித்தது சனிக்கிழமை விடியற்காலை. அவர் கதவுக்கு மேலே பார்த்தார். அங்கே என் பலகை, ஓரம் கருகி, நடுவில் எழுத்து ஒன்றுகூட அழியாமல். வரைவாளர் எழுத்தாயிற்றே. ‘தங்குவோர் கவனத்திற்கு. அறைக்குள் விளக்கு ஏற்றாதீர்கள். ஈரத் துணியைக் கட்டிலில் போடாதீர்கள். இரவு பத்து மணிக்கு வாசற்கதவு பூட்டப்படும்.’ அவர் நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, ஏன் சார், வீட்டம்மாவுக்கா இப்புடி போர்டு எழுதி மாட்டியிருக்கீங்க, பத்து மணிக்கு மேல அவங்க எங்க போயிட்டு வர்றாங்க என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. அவர் படம் எடுத்துக்கொண்டு, நான் இன்னும் ரிப்போர்ட் எழுதல சார், செவ்வாக்கெழம திரும்ப வர்றேன், நடந்தது நடந்தபடி ஒரு தாள்ல எழுதி வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைச் சொன்னதும் நீ கோபப்பட்டு அடுத்த யோசனை சொன்னாய், சேலத்துச் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடச் சொல்லி. சொந்தக்காரர்கள் என்றால் எந்த வழியில் என்று எவனும் கேட்பானே. அந்த அம்மாள் எனக்கு அத்தை முறையா, கொழுந்தியா முறையா? சொந்தக்காரர்களுக்கு யாராவது பலகை எழுதி மாட்டுவார்களா? பொய் சொல்லும் திறமை எனக்கு இல்லை, உன் அம்மாவுக்கு இருக்கிறது ஆனால் கிழமை தெரிவதில்லை.

அது போகட்டும். பத்திரத்தோடு நீ போனில் நிரப்பிய விண்ணப்பத்தின் நகலும் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி, வீட்டின் எந்தப் பகுதியாவது வெளியாட்கள் தங்குவதற்கு விடப்படுகிறதா என்று. நீ ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறாய். ஆறு வருஷமாக வாரா வாரம் முன்னறையை விடுகிறோம் என்பது உனக்குத் தெரியாதா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நேற்றுக் கேட்டால், எல்லாரும் அப்படித்தான் டிக் பண்ணுவாங்கப்பா என்கிறாய். அம்மாவும், தெருவே செய்யுது, நமக்கு மட்டும் என்ன என்கிறாள். தெரு முழுக்கச் செய்யலாம், தெரு முழுக்க ‘இல்லை’ என்று எழுதிக்கொடுக்கவில்லையே. உன்னை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நீ போனில் கூப்பிட்டு, எனக்கு மெசேஜில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டாய், நான் எதற்கென்று கேட்காமல் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். அதுதான் என் சம்மதமாம். ஆக அந்த டிக்கும் சட்டப்படி என்னுடையதுதான்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று சந்தேகமாகவே இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அறையைத் தங்க விடுவதை மறைத்ததால் இந்தக் கிளெய்மைக் குறைக்கலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் கிளெய்மில் பொய் சொல்லி, அது தெரிந்தும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் பத்திரமே செல்லாது. அப்புறம் புயல் வந்து மீதி வீடு போனாலும் கேட்க நாதியில்லை. எனக்கு எழுபத்து மூன்று வயது, இன்னொரு கூரை போட என்னால் ஆகாது.

அதனால் இன்று காலை உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். சேலத்துக் குடும்பம், எள் விளக்கு, வாராவாரம் தங்க விடுவது, முதலில் கொடுத்த விவரம் தவறு, விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்றதும் தவறு, எல்லாம் என் பொறுப்பு என்று. உன் பெயரை எழுதவில்லை. நான்கு தடவை திருத்தி எழுதினேன், கையெழுத்து மட்டும் கோணலாக இருக்கிறது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஓடு போடுற காசு போச்சா என்றாள். போகலாம் என்றேன். சரி, அந்த ஆளுக்கு மொகத்தப் பாத்து ஒரு காப்பியாச்சும் கொடுக்கலாம் என்றாள்.

இனியாவை வெறும் காலோடு தரையில் விடாதே. வினோதா வேலைக்கும் போய்க்கொண்டு சமைக்கவும் செய்கிறாள், சனி ஞாயிறாவது நீ அடுப்படிக்குப் போ. தர்ப்பாரண்யேஸ்வரரும் பிராணாம்பிகையும் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சர்வேயர் வருகிறார். உனக்கு அப்போது விடியற்காலை ஆறரை. அலாரம் வைத்து எழுந்து போன் செய்யாதே. நீ சொன்னால் நான் அப்படியே சொல்லிவிடுவேன், அந்தப் பயம் எனக்கு என்மேலேயே இருக்கிறது. நீ தூங்கு.

உன் அப்பா,
குஞ்சிதபாதம்