பாலம் வருது, தாண்டி வா

ஹோய் ஆன், கம்நாம் திட்டு
ஏழாம் மாதம், பௌர்ணமி கழிந்து நான்காம் நாள்

சுயேனுக்கு, தியெனின் அம்மா தோவா எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் உண்டு. சைகோனில் மழை அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் மில்லுக்குப் போகிற வழியில் தண்ணீர் நிற்கிறதா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்காதே, கண்ணாடி கிடக்கும்.

உன் கடிதம் ஐந்தாம் மாதமே வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் படித்தவள், எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு முழு மத்தியானம் ஆனது. “நான் யாரும்மா? பெண்டாட்டியா, விதவையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டிருந்தாய். லீம் என்ற மெக்கானிக் பையனைப் பற்றியும் மறைக்காமல் எழுதியிருந்தாய். இரண்டு மாதம் பதில் போடவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் ஏதாவது பொய் சொல்லுவேன். அதனால் எழுதுகிறேன்.

தியெனுக்குக் காற்றுக் கல்லறை வைத்துவிட்டேன்.

மூன்று வருஷமாக வேண்டாம் என்று நின்றவள் நான்தான். அவன் போன கணவாய் மீன் பிடிக்கிற படகில் பதினோரு பேர். மற்றப் பத்து வீட்டிலும் களிமண் பொம்மை செய்து புதைத்து, துக்கத்துக்கு வெள்ளைத் துணி கட்டி, காலம் முடிந்து அவிழ்த்தும் விட்டார்கள். உடம்பு கிடைக்காதவனை எதற்குப் புதைக்க வேண்டும், எங்கேயாவது தீவில் கரையேறியிருப்பான் என்று நான் சண்டை போட்டேன். சாவே இல்லாத வீட்டில் துக்கம் கட்ட முடியுமா? கட்டாத துக்கத்தை நீ எப்படி அவிழ்ப்பாய்? உன்னை அப்படியே தொங்க விட்டிருந்தேன்.

இந்தச் சடங்கு செய்யத் தெரிந்த மாவ் ஐயாவை வெளித் தீவு ஒன்றிலிருந்து வரவழைத்தேன். முசுக்கட்டைச் செடியின் குச்சிகளை எலும்பாக அடுக்கி, மேலே களிமண் பூசி ஆள் அளவுக்குச் செய்தார். முகம் வைக்கும்போது, “மூக்கு எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டார். என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். நடு வீட்டில் பாய் மேல் கிடத்தி ஈரத் துணி போட்டார். மூன்று நாளைக்குள் உயிரைக் கூட்டிவர வேண்டும், களிமண் காய்ந்து வெடித்துவிட்டால் இறங்காது என்றார்.

“படகு கிளம்புன துறையிலருந்து வீடு வரைக்கும் நடந்தே வாங்க. வண்டி ஏறக்கூடாது. அவன் உடுப்பு கையில இருக்கணும். அவன் கால் பட்ட எடமா வாங்க, எடத்துப் பேரைச் சொல்லிக்கிட்டே வாங்க. பாலம் வந்தா சொல்லுங்க, சொல்லாட்டி தண்ணியத் தாண்டி வரமாட்டான். திரும்பிப் பாத்துடாதீங்க” என்றார்.

உடுப்பு என்றால் அந்த நீலச் சட்டைதான். நீ தைத்தது. நீ ஊரைவிட்டுப் போகும்போது கேட்டாய், நான் தரவில்லை.

விடிகிற நேரம் துறையில் நின்றேன். சட்டையை விரித்து, “தியென், அம்மா வந்திருக்கேன், எழுந்து வா” என்று கூப்பிட்டேன். தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெரிய ஓட்டலின் வேலைக்காரன் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துப் பெருக்குவதை நிறுத்தினான். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். ஆற்றோரம் நீர்த்தென்னை மரங்கள் அடர்ந்த வளைவு வரைக்கும் என் காலடி மட்டும்தான் கேட்டது. அதற்கப்புறம் பின்னால் ஒரு செருப்புச் சத்தம். சரக், டப். சரக், டப்.

உனக்குத் தெரியும். இடது செருப்பின் வார் அறுந்ததைத் தூண்டில் நரம்பால் கட்டி வைத்திருந்தான், புதுசு வாங்கு என்றால் இது நல்லா ஓடுது என்பான். அந்தச் சத்தம். பிடரியெல்லாம் சில்லிட்டது. பயமா, சந்தோஷமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வழியில் மீன்காரன் வண்டியை நிறுத்தி, “ஏறிக்க அக்கா, இந்த வயசுல என்ன நடை?” என்றான். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். சத்தமும் நின்று, மறுபடி வந்தது.

சந்தைக்குள் நுழைந்ததும் ஐந்தாமக்கா தன் நூடுல்ஸ் கடையிலிருந்து கத்தினாள்: “ஏண்டி தோவா, ஒரு சட்டையக் காயப்போட ஊரையே கொடியாக்கிட்டியா?” பக்கத்துக் கறிக்கடைக்காரி சிரித்தாள். அப்புறம் ஐந்தாமக்கா என் கையில் ஊதுபத்தியைப் பார்த்துவிட்டாள். எனக்கு ஒரு கிண்ணம் வைத்தாள், எதிரில் இன்னொரு கிண்ணம், இன்னொரு ஜோடிக் குச்சி. அதன் மேல் பச்சை மிளகாயை நறுக்கிப் போட்டாள். “இது இல்லாம திங்கமாட்டானே கழுத” என்று இடுப்பில் கட்டிய துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் தின்று முடிக்கும்வரை அந்த எதிர்க் கிண்ணத்தில் ஆவி அடங்கவே இல்லை.

சீனர் கோயிலுக்குப் போனேன். மூன்று வருஷமாகக் கடலம்மா முகத்தில் விழித்ததில்லை. வெளியூர்க்காரர்கள் சுருள் ஊதுபத்தியை அண்ணாந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சேவகர்களில் ஆயிரம் மைல் பார்க்கிற கண்காரன் ஒரு பக்கம், ஆயிரம் மைல் கேட்கிற காதுக்காரன் ஒரு பக்கம், இருவருக்கும் நடுவில் அவள் பட்டு உடுத்தி உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு பதினோரு பேர் கத்தினது உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, காவலாளி வந்து, “பெரியம்மா, மெதுவா” என்றான்.

மஞ்சள் சுவர்த் தெருவில் வெள்ளக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. சின்ன வயதில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதில் போய் ஒட்டி நின்று, “அம்மா, போன தடவை கழுத்து வரைக்கும், இப்ப நெஞ்சு வரைக்கும்தான், வெள்ளம் கொறையுது” என்பான். வெள்ளம் குறையவில்லை, அவன் வளர்ந்தான். அந்தக் கோட்டைத் தொட்டுப் பெயர் சொன்னேன். பின்னால் செருப்பு கொஞ்சம் நின்று வந்தது.

ஜப்பான் பாலத்தில் நாய்ச் சிலையையும் குரங்குச் சிலையையும் தாண்டும்போது, “பாலம் வருது, தாண்டி வா” என்றேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் சட்டையைப் பிடித்துப் பார்த்து விலை கேட்டாள். கூட வந்த வழிகாட்டிப் பையன், “இது விக்கிறதில்ல” என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனான். தையல் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதாகவும் எனக்குச் சொல்லிவிட்டுப் போனான். அது உனக்குச் சேர வேண்டிய வார்த்தை, அதனால் எழுதினேன்.

அங்கிருந்து வீட்டுப் பக்கம் நடக்கும்போது நீ வேலை பார்த்த தையல்கடைச் சந்து வந்தது. நான் அதற்குள் நுழையவில்லை. முக்கில் கூட நிற்கவில்லை. அவனை நான் சுமந்த இடம், குளிப்பாட்டிய இடம், அடித்த இடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, போதும் என்று நேரே நடந்தேன். பத்து அடி போயிருப்பேன். பின்னால் சத்தம் இல்லை.

நின்றேன். திரும்பக் கூடாது. “தியென், வா” என்றேன். ஒன்றுமில்லை. மேலே ஒரு காகித விளக்கு காற்றில் ஆடியது. கம்நாம் பாலத்தில் மூன்று தடவை சொன்னேன், “பாலம் வருது, பாலம் வருது, தாண்டி வா” என்று. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். என் கையில் வெறும் துணிதான் இருந்தது.

சாயங்காலம் மாவ் ஐயா சட்டையைப் பொம்மை மேல் போட்டு, ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு தடவிய இரண்டு காசைத் தட்டில் போட்டுக் கேட்டார். ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக விழுந்தால் வந்துவிட்டான். இரண்டும் கறுப்பு. மறுபடி இரண்டும் கறுப்பு. மூன்றாவதும் அப்படியே. “எங்கயோ விட்டுட்டு வந்துட்டீங்கம்மா” என்றார். களிமண்ணில் காதோரம் ஒரு கீறல் ஓடியிருந்தது. ஈரத் துணியை மாற்றிப் போட்டார்.

எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் மறுபடி சட்டையை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். உன் முதலாளி ஹ்வே அம்மா வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றாள். பிறகு எதிர்ச் சுவரைக் காட்டினாள். தியென் கரையில் இருக்கும் நாளெல்லாம் சாயங்காலம் சைக்கிளைச் சாத்திவிட்டு அங்கேதான் நிற்பானாம், ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, நீ வெளியே வரும்வரை. சுவர்க்காரர் திட்டுவாராம். மூன்று புத்தாண்டுக்கு மஞ்சள் அடித்தும் அந்தக் குதிகால் கறை அடியிலிருந்து தெரிகிறது. முழங்கால் உயரத்தில்தான் இருந்தது. குனிந்து கையை வைத்தேன்.

சுயேன், அவனை நான் என் மகனாக மட்டும் கூப்பிட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். உன் புருஷனை நான் கூப்பிடவே இல்லை.

அந்தச் சுவர் முன்னால் நின்று ஒன்றைச் சொன்னேன். ஹ்வே அம்மாவும் அவள் கடைப் பெண்களும் கேட்டார்கள். நீயும் கேட்க வேண்டும்.

படகு கிளம்பிய அன்றைக்கு அவன் மறந்துவிட்டுப் போன அந்தச் சட்டையைக் கொடுக்க நீ துறைக்கு ஓடி வந்தாய். எல்லாரும் பார்த்தார்கள். “வச்சுக்க, வந்து போட்டுக்கறேன்” என்று அவன் சிரித்தான். கிளம்புகிற படகுக்கு முன்னால் பெண் வரக் கூடாது என்பது நம் துறையின் வழக்கம். புயல் செய்தி வந்ததும் ஊர் முணுமுணுத்தது. வாய் திறந்து முதலில் சொன்னவள் நான். “உன் காலுதாண்டி என் பிள்ளையத் தின்னுச்சு” என்றேன். ஆறு மாதம் என் வீட்டில் தலை குனிந்து சோறு வடித்துவிட்டுப் போனாய்.

அன்றைக்கு முதலில் போனது நீ இல்லை. நான்.

நீ வருவதற்கு அரை மணி முன்னால், இருட்டோடு போனேன். உன்னோடு டவுனில் தனியாகக் குடியிருக்கப் போகிறேன் என்று முந்தின நாள் சொன்னான், நான் சண்டை போட்டேன். அந்த மனசோடு கடலுக்குப் போகக் கூடாதே என்று ஒட்டரிசிச் சோறு கட்டிக்கொண்டு போனேன். “போம்மா போ, ஆளுங்க பாத்தா என்னை ஏசுவாங்க” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளினான். நீர்த்தென்னைக்குள் ஒளிந்து வீடு திரும்பினேன். பார்த்தது படகுத் தலைவர் ஒருத்தர்தான். அவரும் அந்தப் படகோடு போய்விட்டார். என் காலாக இருக்கக் கூடாது என்று அதை உன் காலாக்கினேன். மூன்று வருஷம்.

துறையில் பட்டது யார் கால் என்று புயலுக்குத் தெரியுமா? இப்போது கேட்கிறேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சொல்லி முடித்தபோது கடைக்குள் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. ஹ்வே அம்மா, “போயி அந்தப் பொண்ணுக்கு எழுது” என்றாள். நான் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, “இது உன் பெண்டாட்டி கடை. நீ நின்ன சுவரு. பாத்துக்கிட்டியா? போலாம் வா” என்றேன். சந்து முக்கு வரை சத்தமில்லை. பிறகு, சரக், டப்.

கம்நாம் பாலத்தில் ஏறும்போது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வந்துவிடுவான், வந்தால் மண்ணுக்குள் போய்விடுவான். பாலத்துக்கு நடுவில் நின்றேன். அவனும் பின்னால் நின்றான். அப்படியே நின்றுவிடலாம் என்று இருந்தது, அவ்வளவு பக்கத்தில் மூச்சு. உன் கடிதம் என் மடியில் இருந்தது. சொன்னேன்.

காசு முதல் தடவையே ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. சட்டையைப் போட்டு, பித்தான் மாட்டி, மத்தியானத்துக்குள் புதைத்துவிட்டோம். அன்றிலிருந்து அந்தச் சத்தம் இல்லை. காது தேடுகிறது.

உன் பங்கு வெள்ளைத் துணியை நானே கட்டிக்கொண்டு, மூன்று வருஷம் முடிந்தது என்று உன் பெயரைச் சொல்லி அவிழ்த்து எரித்துவிட்டேன். மாவ் ஐயா செல்லும் என்றார். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: நீ யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. புதைப்பதற்கு முன்னால் சட்டையின் மேல் பித்தான் ஒன்றைக் கழற்றி எடுத்தேன், இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்வதும் ஆற்றில் போடுவதும் உன் விருப்பம்.

லீமைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நல்லவனாக இருக்கட்டும். இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் நீண்ட நாள் இருங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு நாள் அவன் மழைக்கோட்டையோ சாப்பாட்டையோ மறந்துவிட்டு வேலைக்குக் கிளம்புவான். நீ வாசலில் தயங்கி நிற்காதே. பின்னாலேயே ஓடு மகளே, ஓடிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வா. யார் முன்னால் என்றாலும் ஓடு.

அம்மா