சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள்

இன்று காலை எங்கள் தெருமுனையில் காதுகுத்து வீட்டுக்கு மைக் செட் கட்டினார்கள். ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது உள்ளேயிருக்கும் தூசி கருகி ஒரு வாசம் வருமே, அது சன்னல் வழியாக வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ இல்லை என்பது மறுபடியும் புதிதாகத் தெரிந்தது.

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே நம் கடை. உன் கணவர் விட்டுப்போன மைக் செட் ஒரு பக்கம், என் தையல் மிஷின் மறுபக்கம். பொம்பளை மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதா என்று சிரித்தவர்களே, பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னைத் தேடி வந்தார்கள். முகூர்த்தமில்லாத மாதங்களில் நீ செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்த காலனிகளுக்குப் போவாய். நானும் ஒயரைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருவேன். கூட்டங்களில் பின்னால் நிறுத்தப்படுகிறவர்கள் மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக வேண்டும் என்பது உன் பிடிவாதம். கல்யாண வாடகையில்தான் அதெல்லாம் நடந்தது.

"செட்டு நம்முளுது புள்ள. யாரு பேசோணும்னு நாமதான் சொல்லோணும்" என்பாய்.

ராமாயி அப்படிப் பழக வந்தவள். முதல் நாள் தன் குரலைக் குழாயில் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சில மாதங்களில் அவள் பேசினால் நாம் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம்.

அவள் ஊருக்கு அதிகாரி ஒருவர் குறை கேட்க வந்தபோது, செட் கட்ட ஊர்க்காரர்கள் உன்னையே அழைத்தார்கள். நீ யாரையும் கேட்காமல் ஒயரை நீளமாக இழுத்து, காலனிக்காரர்கள் நின்ற இடத்தில் இன்னொரு மைக்கை வைத்தாய். ராமாயி அதன்முன் வந்து நின்றாள்.

"சாமி, எங்க சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைச்சுட்டாங்க. எங்க மாமியாளைச் சேத்து வயல்லதான் தூக்கிட்டுப் போனோம். பாடை சாஞ்சு பொணம் சேத்துல உழுந்துருச்சுங்க. கழுவித்தானுங்க பொதைச்சோம். பாதையத் தொறந்து உடச் சொல்லுங்க."

வேலி போட்டவர் ஊர் நிலக்காரரான பண்ணாடி; அவர் அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மாறவேயில்லை.

மறுநாளிலிருந்து காலனியில் ஒருவருக்கும் காடு கழனியில் வேலை இல்லை. கடையில் அரிசி கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து, மாரியம்மன் பண்டிகைக்குச் செட் வேண்டுமென்று உனக்குச் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பண்டிகை எதுவும் இல்லை. ஊரே கூடியிருந்தது. நடுவில் ராமாயி நின்றிருந்தாள்.

"அன்னிக்குப் பேசுன அதே குழாய்ல, சொன்னது பொய்யின்னு சொல்லட்டும்" என்றார் பண்ணாடி.

நீ ஒயரைப் பிடுங்கினாய். "என் செட்டு இதுக்கு இல்லீங்க."

அவர் கோபப்படவில்லை. "அப்படீங்களா? அப்ப இவ புள்ளைங்க பட்டினி கெடக்கட்டுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

ராமாயி உன்னைப் பார்க்காமலே சொன்னாள்: "போடுங்க அம்மிணி. நான் சொல்லிர்றேன்."

நீ ஒயரை மாட்டினாய். அவள் சொன்னாள். கடைசித் தெருவுக்குக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்ல வைத்தார்கள். "சத்தத்தைக் கூட்டும்மா" என்று பண்ணாடி உன்னிடம் சொன்னார். நீ கூட்டினாய். மாமியார் பிணம் சேற்றில் விழவேயில்லை என்று ராமாயி உரக்கச் சொன்னாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

பிறகு அவளைப் பார்க்கப் போனபோது அவள் நம்மை உட்காரச் சொல்லவில்லை. "பேசக் கத்துக் குடுத்தீங்க அம்மிணி. பேசுனதுக்கப்பறம் எப்படிப் பொழைக்கறதுன்னு கத்துக் குடுக்கலியே" என்றாள். நீ அந்தக் குடும்பத்தைச் சங்ககிரிக்கு அழைத்துவந்து, அவள் புருஷனுக்கு லாரியில் மூட்டை ஏற்றும் வேலை பிடித்துக் கொடுத்தாய். அவள் உன்னோடு பேச வெகுகாலம் ஆனது.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் நீ ஒருத்தியைத் தனியாகப் பேச விடவில்லை. ஒருத்தி சொன்னதை அடுத்தவளும், அவளுக்கு அடுத்தவளும் அப்படியே சொல்ல வேண்டும். யாரைப் பிடித்து மிரட்டுவது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போனது. ஒரு காலனிக்குக் குடிதண்ணீர் வந்தது. இன்னொன்றில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பது நின்றது. ராமாயியின் ஊரில் மட்டும் சுடுகாட்டுப் பாதையை அடைத்த கிளுவை முள்வேலி இன்றைக்கும் நிற்கிறது. 'புகார்தாரரே மறுத்துவிட்டார்' என்பதுதான் அந்த அதிகாரி கடைசியாகச் சொன்னது.

மஞ்சள் காமாலையில் நீ போனாய். காலனிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "தள்ளி நின்னு பாத்துட்டுப் போங்க" என்றார் உன் அண்ணன்.

ராமாயி நிற்கவில்லை. "பக்கத்துல வந்து பேசுன்னு சொன்னது உங்க தங்கச்சிதானுங்க" என்று சொல்லி உள்ளே வந்து உன் காலைத் தொட்டாள். பின்னால் வந்தவளும் அதையே சொன்னாள். அடுத்தவளும். உன் அண்ணனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் போனதும் உன் பிணம் கிடக்கும்போதே வாசலைக் கழுவி விட்டார். அந்தத் தண்ணீர் என் காலில் பட்டது.

கூட்டங்களுக்கு இப்போது ராமாயி போகிறாள். எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கூடவே போகிறேன். அவள் பேசி உட்கார்ந்ததும் எழுந்து, என் பெயரையும் என் ஊரையும் சொல்லி, அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் நானும் சொல்கிறேன்.